டபுள் ஐபிஏவைச் சுவைத்து மதிப்பெண் போடுவது எப்படி

கேனைக் கவிழ்த்து அடியில் அச்சிட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். இந்தியா பேல் ஏல், சுருக்கமாக ஐபிஏ, என்ற கசப்பான பீரின் பலம் கூடிய வகைதான் டபுள் ஐபிஏ. அதைச் சுவைக்கும் வேலை அங்கேதான் தொடங்குகிறது. கிளாஸ், குளிர்ச்சி, மூக்கு, நாக்கு எல்லாம் அதற்குப் பிறகு. ஆறு மாதம் கடை அலமாரியில் வெந்து கிடந்த பீரைக் குடித்துவிட்டு, அதைக் காய்ச்சியவருக்கு மதிப்பெண்ணைக் குறைப்பது நியாயமில்லை. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் மணம் மூக்கைத் துளைக்கிறது என்பதற்காகவே அள்ளிக் கொடுப்பதும் சரியில்லை.

இந்த வகை பிறந்த விதத்திலேயே சுவைப்பவருக்கு ஒரு பாடம் இருக்கிறது. 1994இல் கலிஃபோர்னியாவின் டெமெக்குலா ஊரில், பிளைண்ட் பிக் என்ற சிறு ப்ரூவரியில் வின்னி சிலுர்சோ முதல் பீரைக் காய்ச்சினார். அங்கிருந்த சாதனங்கள் பழையவை. அவற்றால் ஏதாவது கெட்ட சுவை இறங்கினாலும் அமுங்கிப் போகட்டும் என்று, வழக்கமான ஐபிஏ செய்முறையில் ஹாப்ஸை இரு மடங்காக்கி, மால்ட் என்ற முளைகட்டிய தானியத்தையும் கூட்டினார். அமெரிக்க டபுள் ஐபிஏவின் தொடக்கம் என்று பலரும் சுட்டுவது அந்த பீரைத்தான். ஆக, நிறைய ஹாப்ஸ் போட்டால் குறை மறையும் என்பது இந்த வகையைத் தொடங்கி வைத்தவருக்கே தெரிந்திருந்தது. அந்தத் திரையை விலக்கி, ஹாப்ஸுக்குப் பின்னால் நிற்கும் பீர் எப்படிப்பட்டது என்று பார்ப்பதுதான் சுவைப்பவரின் வேலை.

எதை வைத்து அளப்பது என்பதும் முதலில் தெளிவாக வேண்டும். அமெரிக்காவின் பீர் ஜட்ஜ் சர்ட்டிஃபிகேஷன் புரோகிராம், சுருக்கமாக பிஜேசிபி, வெளியிடும் வழிகாட்டியின் 2021 பதிப்பில் டபுள் ஐபிஏ 22ஏ என்ற எண்ணில் இருக்கிறது. ஆல்கஹால் 7.5 முதல் 10 சதவீதம், கசப்பு அதன் அலகான ஐபியுவில் 60 முதல் 100, நிறம் பொன்னிறத்திலிருந்து இளஞ்செம்பு வரை. நொதித்து முடிந்தபின் அடர்த்தி, தண்ணீரை 1 என்று வைத்தால், 1.008 முதல் 1.018. இந்தக் கடைசி எண்ணைப் பலர் கவனிப்பதில்லை. இவ்வளவு ஆல்கஹால் உள்ள பீர் இவ்வளவு குறைந்த அடர்த்தியில் முடிகிறது என்றால், அது இனிப்பு மிஞ்சாமல் நன்றாக நொதித்திருக்க வேண்டும். டபுள் ஐபிஏ கனமான பீர் அல்ல. பலமான, ஆனால் குடிக்க இலகுவான பீர். கேரமல் இனிப்பும் கூழ் போன்ற கனமும் தெரிந்தால் அது பார்லி வைன் என்ற கனமான, இனிப்பான பீர் வகையின் பக்கம் சாய்ந்துவிட்டது என்று எழுதுங்கள்.

அமெரிக்க மேற்குக் கரை பாணிக்கு ஒரு அளவுகோல் வேண்டுமென்றால், சிலுர்சோ இப்போது சான்டா ரோசாவில் நடத்திவரும் ரஷ்யன் ரிவர் ப்ரூவரியின் பிளைனி தி எல்டர் இருக்கிறது. 8 சதவீத ஆல்கஹால், தெளிந்த பொன்னிறம், பைன் பிசினும் சாத்துக்குடித் தோலும் கலந்த மணம், இனிப்புத் தங்காத வறண்ட முடிவு. வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்த ரோமானிய அறிஞரின் பெயர் அது. அவர் எழுதிய இயற்கை வரலாற்றில் ஹாப்ஸ் என்று கருதப்படும் ஒரு செடியைப் பற்றிய குறிப்பு வருகிறது. பெயர் பழையதே தவிர, பீரைப் பழசாக்காமல் உடனே குடியுங்கள் என்றுதான் பாட்டில் லேபிளே கெஞ்சுகிறது.

தேதியும் சேமிப்பும்

கேனில் இருப்பது அடைத்த தேதியா, காலாவதித் தேதியா என்று பிரித்துப் பாருங்கள். அடைத்த தேதிதான் நமக்கு வேண்டும். சில ப்ரூவரிகள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்ற மூன்றிலக்க எண்ணை மட்டும் அச்சிடும். 045 என்றால் பிப்ரவரி 14. அடைத்த நாளிலிருந்து குளிரிலேயே இருந்த டபுள் ஐபிஏ முதல் நான்கு வாரம் உச்சத்தில் இருக்கும். எட்டு வாரம் வரை தயங்காமல் மதிப்பிடலாம். மூன்று மாதம் தாண்டினால் மணம் மங்கத் தொடங்கிவிடும். அப்போது மதிப்பெண் தாளின் மேலே வயதை எழுதிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

குளிரில் இருந்ததா என்பது வயதைவிட முக்கியம். ப்ரூவரிக்காரர்கள் 3, 30, 300 என்று ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். 32 டிகிரி செல்சியஸில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள். இந்த மூன்றிலும் பீர் ஏறக்குறைய ஒரே அளவு மூப்படைகிறது. சென்னைப் பகல் வெயிலில் ஒரு வார இறுதி காருக்குள் கிடந்த கேனுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கப்பலில் வந்து, கிடங்கில் கிடந்து, கடையில் ஏசி இல்லாமல் நின்ற டபுள் ஐபிஏவை மதிப்பெண்ணுக்காக வாங்குவது வீண் செலவு.

பாட்டில் என்றால் கண்ணாடியின் நிறத்தையும் பாருங்கள். ஹாப்ஸின் கசப்புப் பொருளில் வெளிச்சம் பட்டால் ஒரு கந்தகச் சேர்மம் உருவாகிறது. நாய் குளிக்காமல் மழையில் நனைந்து வந்தது போன்ற வாடை அடிக்கும். அமெரிக்கர்கள் ஸ்கங்க் என்ற பிராணியின் பெயரால் அதைச் சொல்வார்கள். பச்சை, வெள்ளைக் கண்ணாடிகள் வெளிச்சத்தைத் தடுக்காது. நேர் வெயிலில் சில நிமிடங்களே போதும். பழுப்புக் கண்ணாடி ஓரளவு காக்கும், கேன் முழுதாகக் காக்கும். ஊற்றி வைத்த கிளாஸிலும் இதே வேலை நடக்கும் என்பதால் மொட்டைமாடி வெயிலில் உட்கார்ந்து சுவைக்காதீர்கள்.

கிளாஸும் அறையும்

வாய் குறுகி வயிறு அகன்ற கிளாஸ் வேண்டும். டியூலிப் வடிவமோ பிராந்தி கிளாஸோ போதும். கொள்ளளவு 300 முதல் 400 மில்லி இருந்தால், 120 மில்லி ஊற்றிச் சுழற்ற இடம் கிடைக்கும். ஜெர்மனியின் ஷ்பீகெலாவ் நிறுவனம் 2013இல் டாக்ஃபிஷ் ஹெட், சியரா நெவாடா ப்ரூவரிகளோடு சேர்ந்து ஐபிஏவுக்கென்றே ஒரு கிளாஸைக் கொண்டுவந்தது. கிடைத்தால் நல்லது, கட்டாயமில்லை. நேரான பக்கமுள்ள பெரிய பைண்ட் கிளாஸ் மட்டும் வேண்டாம், மணம் அதில் நிற்காது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து டபுள் ஐபிஏவான ஹெடி டாப்பர் கேனிலேயே குடிக்கச் சொல்லித்தான் விற்கப்படுகிறது. ரசித்துக் குடிக்க அது அவர்கள் விருப்பம். மதிப்பெண் போட வேண்டுமென்றால் அதையும் கிளாஸில்தான் ஊற்ற வேண்டும். கேனின் சிறு துளை வழியே மூக்குக்கு எதுவும் எட்டாது.

கிளாஸை மணமில்லாத சோப்பால் கழுவி, வெந்நீரில் இரண்டு முறை அலசி, கம்பித் தட்டில் கவிழ்த்து உலர விடுங்கள். துணியால் துடைக்க வேண்டாம். துணியின் எண்ணெய்ப் பசையும் நூலும் நுரையைக் கொல்லும். சுத்தமாக இருக்கிறதா என்று அறிய, ஈரக் கிளாஸின் உட்புறத்தில் பொடி உப்பைத் தூவுங்கள். எல்லா இடத்திலும் சீராக ஒட்டினால் சுத்தம். திட்டுத் திட்டாக உதிர்ந்தால் அங்கே எண்ணெய் இருக்கிறது, மறுபடி கழுவுங்கள். ஊற்றிய பிறகு பக்கச் சுவரில் குமிழிகள் கொத்தாக ஒட்டிக்கொண்டு நின்றாலும் அழுக்கு என்றே பொருள். கிளாஸை ஃப்ரீஸரில் வைப்பது பெரிய தவறு. பீர் அளவுக்கு மீறிக் குளிர்ந்து மணம் அடங்கிவிடும், ஃப்ரீஸரில் இருக்கும் மீனின் வாடையும் சேர்ந்துகொள்ளும்.

அறையில் ஊதுபத்தி, சாம்பிராணி, அடுப்பில் தாளிப்பு எதுவும் இருக்கக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தலையில் மல்லிகைச் சரம் இருந்தால்கூட ஹாப்ஸின் பூ மணத்தைப் பிரித்தறிய முடியாது. சுவைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே காபி, மிளகாய், வெற்றிலை, புகை வேண்டாம். பல் துலக்கி உடனே வராதீர்கள். பேஸ்ட்டில் இருக்கும் நுரைப்பொருள் இனிப்பை மழுங்கடித்துக் கசப்பைத் தூக்கிக் காட்டும். இடையில் வாயைச் சுத்தம் செய்யச் சாதாரணத் தண்ணீரும் உப்பில்லாத ரொட்டித் துண்டும் போதும். சிப்ஸும் கடலை மிட்டாயும் பிறகு ஆகட்டும்.

அளவு, குளிர்ச்சி, ஊற்றும் விதம்

8 சதவீதமுள்ள 473 மில்லி கேனில் சுமார் 30 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. அமெரிக்கக் கணக்கில் ஒரு நிலையான பானம் 14 கிராம். ஒரே கேன் இரண்டு பானத்தைத் தாண்டிவிடுகிறது. நான்கு பீரை 120 மில்லி வீதம் சுவைத்தால் ஒரு முழுக் கேன் உள்ளே போயிருக்கும். இது தெரியாமல் பட்டியல் போட்டு எட்டு, பத்து என்று ஊற்றுபவர்களின் கடைசி மதிப்பெண்கள் எதற்கும் உதவாது. ஒரே ஒரு பீர் என்றால் 120 மில்லியை இரண்டு முறை ஊற்றலாம். நான்கு என்றால் தலா 60 முதல் 80 மில்லி. நான்குக்கு மேல் வேண்டாம். வண்டி ஓட்ட வேறொருவர் இருக்க வேண்டும்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுக்கும்போது பீர் 4 டிகிரியில் இருக்கும். முதல் முகர்வுக்கு 7 முதல் 8 டிகிரி நல்லது, கடைசி மிடறு 13 டிகிரி வரை ஏறியிருக்க வேண்டும். 20 டிகிரி அறையில் பத்துப் பதினைந்து நிமிடம் வெளியே வைத்தால் சரியாக இருக்கும். நம் ஊர் அறை வெப்பத்தில் ஐந்து நிமிடமே அதிகம். சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்றை வேறொரு கிளாஸில் ஊற்றிய பீரில் வைத்து இரண்டு முறை பார்த்துவிட்டால் உங்கள் வீட்டுக் கணக்கு கைக்கு வந்துவிடும்.

கிளாஸை 45 டிகிரி சாய்த்துப் பாதி ஊற்றி, பிறகு நிமிர்த்தி நடுவில் விழும்படி ஊற்றுங்கள். இரண்டு விரல் உயர நுரை வர வேண்டும். நுரை உடையும்போதுதான் மணம் மேலே வருகிறது, அதனால் நுரையில்லாமல் ஊற்றுவது சாமர்த்தியம் இல்லை. கேனின் அடியில் தங்கும் கடைசி 20 மில்லியைத் தனியாக விட்டுவிடுங்கள். அதில் ஈஸ்ட்டும் ஹாப்ஸ் துகளும் இருக்கும்.

முதலில் மூக்கு

நுரை அடங்குவதற்குள் முகர்ந்துவிடுங்கள். பார்ப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், நிறம் ஓடிப்போகாது. லேசான கந்தகச் சேர்மங்கள் முதல் அரை நிமிடத்தில் பறந்துவிடும். அவற்றில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. கிளாஸை மூக்குக்கு ஒரு சாண் தள்ளி ஒருமுறை கடத்துங்கள். பிறகு மூக்கை உள்ளே விட்டு, குட்டிக் குட்டியாக மூன்று முறை இழுங்கள். நீண்ட ஒரே இழுப்பு மூக்கைச் சீக்கிரம் களைப்பாக்கும். அடுத்து கிளாஸின் வாயை உள்ளங்கையால் மூடி ஐந்து நொடி சுழற்றி, கையை விலக்கி மறுபடி முகருங்கள். மனதில் வந்த முதல் சொல்லை அப்படியே எழுதுங்கள், திருத்த வேண்டாம்.

சொற்களை எங்கிருந்து எடுப்பது என்பதில் எங்களுக்கு உறுதியான கருத்து உண்டு. வெளிநாட்டுச் சுவைக் குறிப்புகளைப் பார்த்து, வாழ்நாளில் தொட்டுப் பார்க்காத பழங்களின் பெயரை எழுதுவதால் பயனில்லை. உங்கள் மூக்குக்குப் பழக்கமானதை எழுதுங்கள். ஹாப்ஸில் இருக்கும் லினலூல்தான் கொத்தமல்லி விதையின் முதன்மை மணப்பொருள். ஜெரானியால் ரோஜாவில் இருக்கிறது. மிர்சீன் எலுமிச்சம்புல்லிலும் மாம்பழத்திலும் இருக்கிறது. ஆகவே தனியா வாசம், ரோஜா, மாங்காய்ப் பால் என்று நீங்கள் எழுதினால் அது கற்பனை இல்லை, வேதியியலும் அதையே சொல்கிறது.

எளிதாகப் பிரிக்க ஆறு குடும்பங்களை மனதில் வைக்கலாம். எலுமிச்சை, நார்த்தை, பம்பளிமாஸ் தோல் ஒன்று. கேஸ்கேட், சென்டெனியல் ஹாப்ஸ் இந்தப் பக்கம். பைன், யூகலிப்டஸ் தைலம், சாம்பிராணிக் கட்டி போன்ற பிசின் வாசம் இரண்டாவது. சிம்கோவும் கொலம்பஸும் இதற்குப் பேர்போனவை. மாம்பழம், கொய்யா, லிச்சி, அன்னாசி மூன்றாவது. சிட்ரா, மொசைக் இருந்தால் பெரும்பாலும் இங்கே வருவீர்கள். நான்காவது பூ மணம். ஐந்தாவது ஈரப் புல், கஞ்சா இலை போன்ற காட்டமான பச்சை வாசம். ஆறாவது வெங்காயமும் பூண்டும். சம்மிட் ஹாப்ஸில் அது அடிக்கடி தலைகாட்டும், தாமதமாக அறுவடை செய்த வேறு ஹாப்ஸிலும் வரும். மெல்லிய கீற்றாக இருந்தால் பொறுக்கலாம். உரித்த வெங்காயத்தைப் பக்கத்தில் வைத்தது போல இருந்தால் மணத்தில் மதிப்பெண் குறைய வேண்டும்.

ஹாப்ஸை எழுதி முடித்ததும், அதை மனதால் ஒதுக்கிவிட்டு மீண்டும் முகருங்கள். ரொட்டி, பிஸ்கட் போன்ற மெல்லிய மால்ட் வாசம் இருக்கலாம். ஆல்கஹால் லேசாகத் தெரியலாம், ஸ்பிரிட் போல மூக்கில் சுள்ளென்று ஏறக் கூடாது. வெண்ணெய், தேன், வேகவைத்த சோளம், பாலாடைக்கட்டி என்று ஏதாவது தட்டுப்பட்டால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறியோடு எழுதி வையுங்கள். தீர்ப்பு பிறகு.

தோற்றம் எளிது. நுரை வெண்மையாக, நிலைத்து, குடிக்கக் குடிக்கக் கிளாஸ் சுவரில் வலைபோலத் தடம் விட வேண்டும். மேற்குக் கரை பாணி தெளிவாக இருக்க வேண்டும், நொதித்த பீரில் ஹாப்ஸை ஊறப் போடும் டிரை ஹாப்பிங்கால் வரும் மெல்லிய மங்கல் குறையல்ல. மங்கலாகவே செய்யப்படும் நியூ இங்கிலாந்து பாணியைக் கலங்கல் என்று தண்டிக்காதீர்கள். அது வழிகாட்டியில் 21சி என்ற தனி வகை. கசப்பும் 25 முதல் 60 ஐபியு மட்டுமே. ஆனால் அதே மங்கல் பீர் சாம்பல் படிந்தது போலவோ, ஊதா கலந்த பழுப்பாகவோ மாறியிருந்தால் ஆக்சிஜன் புகுந்துவிட்டது என்று கண்ணே சொல்லிவிடும்.

வாயில்

15 முதல் 20 மில்லி, அதாவது ஒரு பெரிய மேசைக்கரண்டி அளவு எடுத்து, நாக்கு முழுதும் படரவிட்டு நான்கு நொடி வைத்திருந்து விழுங்குங்கள். நாக்கின் பின்பகுதியில்தான் கசப்பு தெரியும் என்ற பழைய நாக்கு வரைபடம் தவறானது. விழுங்குவதன் காரணம் வேறு. விழுங்கியபின் வாயை மூடி மூக்கு வழியே மூச்சை விடும்போது தொண்டைப் பக்கமிருந்து மணம் மூக்குக்கு ஏறுகிறது. ஹாப்ஸின் சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அதுதான். துப்பினால் அது குறையும்.

முதல் மிடறுக்கு மதிப்பெண் போடாதீர்கள். அது வாயைப் பழக்குவதற்கு. இரண்டாவது மிடறில் இனிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பாருங்கள். மூன்றாவதில் கசப்பை மட்டும் கவனியுங்கள். விழுங்கிய நொடியிலிருந்து மனதுக்குள் முப்பது வரை எண்ணுங்கள். நல்ல டபுள் ஐபிஏவின் கசப்பு ஐந்தாறு எண்ணிக்கைக்குள் ஏறி உச்சத்தைத் தொட்டு, பிறகு படிப்படியாக இறங்கும், முடிவில் வாய் வறண்டு அடுத்த மிடறு கேட்கும். மோசமானதின் கசப்பு இருபதிலும் ஏறிக்கொண்டே இருக்கும், முப்பதில் நாக்கு மரத்துப் போகும்.

கசப்பின் அளவையும் தரத்தையும் தனித்தனியாக எழுத வேண்டும் என்பதை எவ்வளவு வலியுறுத்தினாலும் போதாது. ஐபியு என்பது ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் ஐசோ ஆல்ஃபா அமிலம் என்பதற்கு ஏறக்குறைய ஒத்துப்போகும் அளவு. ஹாப்ஸைக் கொதிக்க வைக்கும்போது உருவாகும் அந்த அமிலம் பீரில் 100ஐ ஒட்டிக் கரைவதே கடினம். லேபிளில் 150, 200 என்று போட்டிருந்தால் அது காகிதக் கணக்கு. மேலும் ஒரே 80 ஐபியு, இனிப்பு மிஞ்சிய பீரில் சாதுவாகவும் வறண்ட பீரில் கூர்மையாகவும் தெரியும். தரம் என்பது வேறு. பாகற்காய்ப் பொரியலின் கசப்பு சுத்தமானது, வாயைக் கழுவினால் போய்விடும். கொதிக்கக் கொதிக்க விட்ட தேயிலையின் கரகரப்பும் பச்சை வாழைக்காயின் துவர்ப்பும் கசப்பே அல்ல, அவை ஹாப்ஸ் இலையிலிருந்து வரும் டானின் வகைப் பொருட்கள். அதிக ஹாப்ஸை அதிக நாள் ஊறப் போட்டாலோ, காய்ச்சிய தண்ணீரின் காரத்தன்மையைச் சரிசெய்யாமல் விட்டாலோ அவை மிகும். இவற்றைக் கசப்பு என்று நினைத்து மெச்சுவது இந்த வகையை மதிப்பிடுவோர் அதிகம் செய்யும் தவறு.

வாயில் படும் தன்மையில் கனம், வாயு, சூடு மூன்றையும் பாருங்கள். கனம் நடுத்தரத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்தால் நல்லது. கனத்தைக் குறைக்கவே ப்ரூவர்கள் பலர் மால்ட்டோடு கொஞ்சம் சர்க்கரையும் சேர்க்கிறார்கள். அது முழுதும் நொதித்து ஆல்கஹாலாகிவிடும், இனிப்பு தங்காது. ஆல்கஹால் நெஞ்சில் இதமாக இறங்கலாம், தொண்டையில் எரியக் கூடாது. எரிந்தால் ஈஸ்ட் அதிகச் சூட்டில் நொதித்திருக்கிறது. புத்தம் புதிய நியூ இங்கிலாந்து பாணி கேன்களில் இன்னொரு எரிச்சலும் உண்டு, தொண்டையில் மிளகு பட்டது போல இருக்கும். மிதக்கும் ஹாப்ஸ் துகளால் வருவது. இரண்டு மூன்று வாரம் குளிரில் நிறுத்தி வைத்தால் பெரும்பாலும் படிந்துவிடும், அதனால் அத்தகைய கேனை வாங்கிய அன்றே திறந்து தீர்ப்பு சொல்லாதீர்கள்.

திரைக்குப் பின்னால்

30 மில்லியை ஒதுக்கி, மூடாமல் அரை மணி நேரம் அறையிலேயே வையுங்கள். ஆவியாகக்கூடிய ஹாப்ஸ் மணம் அதற்குள் தளர்ந்துவிடும், பீரும் 15 டிகிரிக்கு மேல் போயிருக்கும். இப்போது முகர்ந்து குடித்துப் பாருங்கள். ஓரத்தில் கேள்விக்குறியோடு எழுதிய வாடைகளுக்கு இங்கே பதில் கிடைக்கும்.

வெண்ணெய், பட்டர் பாப்கார்ன், நாக்கில் வழுக்கல்: டையசெட்டைல். ஈஸ்ட் தன் வேலையை முடிக்குமுன் பீரைக் குளிர்வித்தால் தங்கும். டபுள் ஐபிஏவில் இன்னொரு வழியும் உண்டு. டிரை ஹாப்பிங் செய்யும்போது ஹாப்ஸில் உள்ள நொதிகள் பீரில் மிச்சமிருக்கும் சிக்கலான மாவுச் சர்க்கரையை உடைக்கின்றன, ஈஸ்ட் மறுபடி நொதிக்கத் தொடங்குகிறது, டையசெட்டைலும் மறுபடி வருகிறது. ஹாப் கிரீப் என்பது இதன் பெயர். பிரவுன், மோரிஸ் என்ற இரு ஆங்கிலேய ஆய்வாளர்கள் 1893இலேயே இதைக் குறித்திருக்கிறார்கள். அடைத்த பிறகு இது நடந்தால் கேனில் வாயு மிகுந்து, திறந்ததும் பொங்கும். பொங்கிய கேனில் வெண்ணெய் வாடையும் இருந்தால் காரணம் அநேகமாக இதுதான்.

தேன், கேரமல், ஈர அட்டைப்பெட்டி, உலர்திராட்சை: ஆக்சிஜன் அல்லது வயது. ஹாப்ஸ் மிகுந்த பீரில் அட்டை வாடைக்கு முன்பே தேன் இனிப்புதான் வரும். புதியவர்கள் இதை நல்ல மால்ட் என்று எண்ணி மதிப்பெண் கூட்டிவிடுவார்கள். அடைத்து மூன்று வாரம்கூட ஆகாத, குளிரில் இருந்த கேனில் இது தெரிந்தால் அடைக்கும்போதே காற்று புகுந்திருக்கிறது, ப்ரூவரியின் குறை. நான்கு மாதக் கேன் என்றால் கடையின் குறை. தாளில் இரண்டையும் பிரித்து எழுதுங்கள்.

வேகவைத்த சோளம், முட்டைக்கோஸ் என்றால் டைமெத்தில் சல்ஃபைடு, மூடி போட்டோ சுருக்கமாகவோ கொதிக்க வைத்ததால். பச்சை ஆப்பிள் தோல் என்றால் அசெட்டால்டிஹைடு, பீர் இன்னும் பக்குவப்படவில்லை. பழைய பாலாடைக்கட்டி, வியர்த்த காலுறை என்றால் ஹாப்ஸே சூட்டில் கிடந்து கெட்டுப் போனது. பூனைச் சிறுநீர் மட்டும் விவாதத்துக்குரியது. கொய்யா மணத்தைத் தரும் அதே கந்தகச் சேர்மம் அளவு கூடும்போது அப்படித் தெரியும், சிம்கோவின் இயல்பிலேயே அது கொஞ்சம் உண்டு. லேசாக இருந்தால் குறையாக எழுத வேண்டாம்.

மதிப்பெண்

பிஜேசிபி தாள் 50க்கு. மணம் 12, தோற்றம் 3, சுவை 20, வாயில் படும் தன்மை 5, மொத்தத் தாக்கம் 10. மணமும் சுவையும் மட்டும் 32. நுரை அழகுக்கு நிறையக் கொடுப்பவர்கள் இந்த விகிதத்தைக் கவனிக்க வேண்டும். 45 முதல் 50 தலைசிறந்தது, 38 முதல் 44 மிகச் சிறந்தது, 30 முதல் 37 மிக நன்று, 21 முதல் 29 நன்று, 14 முதல் 20 சுமார், அதற்குக் கீழே குறைபாடுள்ளது.

முதலில் சொற்கள், பிறகு எண். எண்ணை முதலில் போட்டால் மூக்கு அந்த எண்ணுக்கு ஏற்ற காரணங்களைத் தேட ஆரம்பித்துவிடும். ஒரு மாதிரி: மணம் வலுவானது, பம்பளிமாஸ் தோல், பைன், பின்னால் மெல்லிய பூண்டு, 9. தெளிந்த பொன்னிறம், நுரை நிலைத்தது, 3. சுவையில் ஹாப்ஸ் தெளிவு, மால்ட் ரொட்டி போல ஒதுங்கி நிற்கிறது, கசப்பு சுத்தம், ஆனால் பதினைந்து எண்ணிக்கைக்குப் பின் சிறு துவர்ப்பு, 15. கனம் சரி, ஆல்கஹால் சற்றுச் சுடுகிறது, 4. மொத்தத் தாக்கம் 7. கூட்டினால் 38. இது மிகச் சிறந்தது என்ற பிரிவின் விளிம்பு. இங்கே நின்று, இந்த பீர் உண்மையிலேயே அந்தப் பிரிவைச் சேர்ந்ததா என்று கேளுங்கள். துவர்ப்பும் சூடும் அடுத்த மிடறை எடுக்கத் தயங்க வைத்தால் மொத்தத் தாக்கத்தில் 6 போட்டு 37க்கு இறக்குங்கள். மொத்தத் தாக்கம் என்ற பத்து இதற்காகவே இருக்கிறது.

டையசெட்டைல் போன்ற ஒரு குறை தெளிவாகத் தெரிந்தால், ஹாப்ஸ் எவ்வளவு அருமையாக இருந்தாலும் நாங்கள் 30ஐத் தாண்டுவதில்லை. பிடித்ததா என்பதைத் தாளின் கீழே தனியாக ஐந்துக்கு எழுதுங்கள். வகைக்குப் பொருந்துகிறதா என்பதும் உங்களுக்குப் பிடிக்கிறதா என்பதும் இரண்டு கேள்விகள்.

பலவற்றை ஒப்பிடும்போது ஊற்றுபவரும் சுவைப்பவரும் வேறு வேறு ஆளாக இருக்க வேண்டும். கிளாஸின் அடியில் எண் எழுதி, பெயர் தெரியாமல் கொடுக்கச் சொல்லுங்கள். ஆல்கஹாலும் கசப்பும் குறைந்தது முதலில். ஒவ்வொன்றுக்கும் இடையே ஐந்து நிமிடமாவது வேண்டும். முதலில் சுவைத்ததைக் கடைசியில் மறுபடி ஒரு மிடறு எடுத்துப் பாருங்கள். முதல் தடவையைவிட மூன்று நான்கு மதிப்பெண் மாறுகிறது என்றால் நாக்கு களைத்துவிட்டது, அன்றைய தாளை நம்ப வேண்டாம். இரண்டு பீருக்கு வித்தியாசம் தெரிகிறது என்று உறுதியாகச் சொல்பவரிடம் மூன்று கிளாஸ் கொடுங்கள், இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. எது வேறு என்று கண்ணை மூடிச் சொன்னாலே மூன்றில் ஒரு தடவை சரியாக வந்துவிடும், ஆகவே ஆறு முறையாவது செய்து பாருங்கள்.

மூக்கைப் பழக்க மலிவான பயிற்சி ஒன்று. ஒரே தேதியில் அடைத்த இரண்டு கேன்களை வாங்குங்கள். ஒன்றை ஃபிரிட்ஜில் வையுங்கள், மற்றதை அலமாரியில் நான்கு வாரம் விட்டுவிடுங்கள். பிறகு அலமாரிக் கேனை ஒருநாள் முழுக்கக் குளிர்வித்து, இரண்டையும் ஒரே மாதிரி கிளாஸில், ஒரே குளிர்ச்சியில், பெயர் மறைத்து ஊற்றச் சொல்லுங்கள். அலமாரியில் இருந்ததன் நிறம் ஒரு படி கறுத்திருக்கும், சாத்துக்குடித் தோலின் கூர்மை போய் அந்த இடத்தில் தேன் வந்து உட்கார்ந்திருக்கும், கசப்பு கரடாகியிருக்கும். இரண்டுக்கும் தனித்தனித் தாளில் மதிப்பெண் போட்டு, வித்தியாசத்தைக் குறித்து வையுங்கள். கடையிலிருந்து வாங்கும் அடுத்த பழைய கேனில் எவ்வளவு மதிப்பெண் வயதால் போனது என்று கணிக்க அந்த எண் கைகொடுக்கும்.